வரப்போகும் வெர்ஷனைக் காட்டி வாங்குகிறவன் கையைக் கட்டிப்போடுவது

மென்பொருள் தாமதமாக வருவதில் எனக்குப் புகார் இல்லை. எழுதுகிறவர்கள் படும் பாடு தெரியும். பிழையோடு ஓடி வருவதைவிட, சரிபார்த்து மெதுவாக வருவது நல்லது. என் கோபமெல்லாம் வேறு ஒன்றின் மேல். ஒரு கம்பெனியின் எதிராளியிடம் சரக்கு தயாராக இருக்கும்; அந்தக் கம்பெனியிடம் இருக்காது. உடனே "எங்களுடையதும் வருகிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று ஓர் அறிவிப்பு விடுவார்கள். வாங்க வந்தவன் பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொள்வான். காத்திருக்கும் செலவு முழுக்க அவன் தலையில்.

தொண்ணூறுகளின் கடைசியில் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று என்று தனித்தனி சர்வர்கள். எல்லாவற்றிலும் நோவெல் கம்பெனியின் நெட்வேர் 3.12 என்ற சர்வர் மென்பொருள். சும்மா சொல்லக்கூடாது, மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும். சர்வர் திரையில் ஒரு பாம்பு நெளிந்துகொண்டே இருக்கும். வேலை கூடக்கூட அதன் வேகமும் வாலும் கூடும். சீசனில் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி லோடுகள் கேட்டில் வரிசைகட்டும்போது, எடைமேடையில் எவ்வளவு நெரிசல் என்பதை அந்தப் பாம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

குறை ஒன்றுதான். 3.12-இல் பயனர் பட்டியல் 'பைண்டரி' என்ற பெயரில் அந்தந்த சர்வருக்குள்ளேயே கிடக்கும். சீசனுக்கு வரும் தற்காலிக ஆட்களுக்கு சிஸ்கான் என்ற அதன் நிர்வாக நிரலைத் திறந்து ஒவ்வொரு சர்வரிலும் தனியாக லாகின் போட வேண்டும், சீசன் முடிந்ததும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எங்காவது ஒன்றில் விட்டுப்போகும். ஒரு சீசனில், முந்தைய வருஷமே வேலையை விட்டுப் போனவரின் லாகினில் எடைச்சீட்டு ஒன்று திருத்தப்பட்டிருந்தது. யார் கைவைத்தது என்று கடைசி வரை தெரியவில்லை. பெங்களூரா காய் ஒரு லோடு கொண்டுவந்த விவசாயி, வெயிலில் கேட்டில் நின்று தன் எடைக்காகச் சண்டை போட்டதை நான் மறக்கவில்லை.

இதற்கான தீர்வு 1993-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. நெட்வேர் 4.0-உடன் வந்த என்டிஎஸ் என்ற வசதியில் நெட்வொர்க் முழுவதற்கும் ஒரே பயனர் பட்டியல். ஒரு தடவை பதிந்தால் போதும், ஒரு தடவை நீக்கினால் எல்லா இடத்திலும் கதவு சாத்திக்கொள்ளும். பன்யன் கம்பெனியின் வைன்ஸ் மென்பொருளில் இதே வேலைக்கு இருந்த ஸ்ட்ரீட்டாக் அதற்கும் முந்தையது. மைக்ரோசாஃப்ட்டிடம் அந்த அளவுக்கு எதுவும் இல்லை. ஆனால் பேச்சு இருந்தது. 1991-லிருந்து, வரப்போகும் விண்டோஸுக்கு 'கெய்ரோ' என்று பெயர் சொன்னார்கள். அந்தப் பெயரில் ஒரு பொருளும் கடைக்கு வரவில்லை. அப்புறம் விண்டோஸ் என்டி 5.0 என்றார்கள். 1997 செப்டம்பரில் முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு. 1998 அக்டோபரில் பெயரை விண்டோஸ் 2000 என்று மாற்றினார்கள். என்டிஎஸ் போன்ற ஆக்டிவ் டைரக்டரி வசதியோடு அது விற்பனைக்கு வந்த நாள் 2000 பிப்ரவரி 17.

நடுவில் எங்கள் ஆலைக்குப் பெங்களூரிலிருந்து விற்பனைக்காரர் வந்தார். "இப்பப் போய் நெட்வேர் புதுசுக்குக் காசு போடாதீங்க சார். என்டி அஞ்சுல எல்லாம் உள்ளேயே வருது." முதலாளி நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இன்று வாங்கியது நாளைக்கே பழசாகிவிடுமோ என்ற பயம் எந்தச் சிறு ஆலைக்காரருக்கும் இருக்கும். அந்தப் பயம்தான் விற்கிறவர்களுக்கு முதலீடு. வெர்ஷன் தள்ளிப்போகலாம், மாங்காய் தள்ளிப்போகாதே! சீசனுக்குச் சீசன் அதே சிஸ்கான், அதே லாகின் வேலை.

விண்டோஸ் 2000 மோசம் என்று சொல்ல வரவில்லை. பிற்பாடு நானே பல இடங்களில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், உறுதியாக நின்றது. நோவெல் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. 1994-இல் டைப் செய்யும் மென்பொருளான வேர்ட்பெர்ஃபெக்டை வாங்கி, 1996-இல் கோரல் கம்பெனிக்கு விற்று, நடுவில் கவனத்தைத் தொலைத்தார்கள். உலகமே இணையத்தின் நெறிமுறையான டிசிபி/ஐபி பக்கம் போன பிறகும், தங்கள் பழைய நெறிமுறையான ஐபிஎக்ஸ் இல்லாமல் இயல்பாக அதில் ஓடும் நெட்வேர் 5 வந்தது 1998-இல்தான். தங்கள் கையில் இருந்த நல்ல சரக்கைச் சொல்லி விற்கத் தெரியாததும் அவர்கள் தப்புதான்.

ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. சொந்தத் தவறால் பிந்துவது ஒன்று. இல்லாததைக் காட்டி அடுத்தவன் வியாபாரத்தை நிறுத்துவது இன்னொன்று. இது நெட்வேரோடு ஆரம்பித்த கதையும் அல்ல. 1990-இல் டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியின் இயங்குதளமான டிஆர்-டாஸ் 5.0 வந்த சமயத்திலேயே மைக்ரோசாஃப்ட்காரர்கள் தங்கள் எம்எஸ்-டாஸ் 5.0 பற்றிய பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். அது வந்தது 1991 ஜூனில். 1995-இல் அமெரிக்க நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்கின், போட்டியைத் தடுப்பதாக மைக்ரோசாஃப்ட் மேல் போட்ட வழக்கில் அரசும் அந்த நிறுவனமும் செய்துகொண்ட சமரசத்தை ஏற்க மறுத்தபோது, இந்த முன்அறிவிப்புப் பழக்கத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தாகிவிட்டது. எனக்கு இன்றும் ஸ்போர்கின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

இப்போது ஓசூர் சிப்காட்டில் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கு சாஃப்ட்வேர் பார்க்கும்போதும் "அடுத்த ரிலீஸில் வருது சார்" என்ற அதே குரலைக் கேட்கிறேன். டெமோவில் இன்று ஓடாத வசதியைக் கொட்டேஷனிலிருந்து எடுத்துவிட்டு, மீதிக்கு விலை போடச் சொல்கிறேன். அந்த வசதியும் வேண்டும் என்றால், தேதியும் அந்தத் தேதியில் வராவிட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் யாராவது அப்படி எழுதி வாங்கியிருந்தால் அந்த வாசகத்தைக் கமென்டில் போடுங்கள். பர்கூர், ஊத்தங்கரைப் பக்கம் இப்போது கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கும் ஆலைக்காரர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.