பி.டி. கத்தரிக்காய்: தடை வேறு, நிறுத்திவைப்பு வேறு
பி.டி. கத்தரிக்காய் என்பது, புழுவை எதிர்க்க ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவை ஏற்றிய கத்தரி. 'பி.டி. கத்தரிக்காய் விஷம் என்று நிரூபணமானதால்தான் இந்தியா தடை செய்தது' என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி நடக்கவில்லை. 2009 அக்டோபரில் மரபணு மாற்றப் பயிர்களுக்கான மத்திய ஒப்புதல் குழு அதற்குப் பச்சைக்கொடியே காட்டியது. அதன்பின் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களிடம் நேரடியாகக் கருத்துக் கேட்டார். (ரகங்களை உருவாக்கியதில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு, ஆனால் ஏழில் ஒரு நகரம்கூடத் தமிழ்நாட்டில் இல்லை. எனக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது.) 2010 பிப்ரவரி 9 அன்று அவர் அறிவித்தது நிறுத்திவைப்பு மட்டுமே. அறிவியலாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை, நீண்டகாலப் பாதுகாப்பைச் சுயேச்சையான ஆய்வுகள் உறுதிசெய்யட்டும் என்றார். 'ஆபத்தானது' என்பதும் 'பாதுகாப்பு இன்னும் உறுதியாகவில்லை' என்பதும் ஒன்றா? வங்கதேசமோ அதே மரபணுவை ஏற்றிய கத்தரியை 2013இல் அனுமதித்து, மறு ஆண்டே விவசாயிகளுக்குக் கொடுத்துவிட்டது.