பன்னிரண்டு புள்ளிச் சரிவு அல்ல, மூன்று பிள்ளைகள்

நம் பெற்றோர் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரில் இருக்கும் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடிப்போர் விகிதம் ஒரே ஆண்டில் 95 விழுக்காட்டிலிருந்து 83-க்கு இறங்கிவிட்டதைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டி, "பிள்ளைகளின் எதிர்காலத்தில் அக்கறை இருந்தால் இந்தப் பள்ளி மாவட்டத்தில் வீடு வாங்காதீர்கள்" என்று ஒருவர் எழுத, அதன் கீழே நன்றி சொல்லப் பலர் வரிசையில் நின்றதைப் பார்த்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 22 பேர் இருந்தார்கள், ஒருவர் முடிக்கவில்லை. இந்த ஆண்டு 24 பேர், நால்வர் முடிக்கவில்லை. நீங்கள் சரிவு என்று அலறுவது மூன்றே மூன்று பிள்ளைகளைத்தான். ஐந்நூறு பேர் படிக்கும் வகுப்பில் மூன்று பேர் குறைந்தால் அந்த விகிதம் ஒரு புள்ளிகூட நகராது. எங்கள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் நான்கு விழுக்காட்டுக்கு மேல் கனக்கிறது.

அந்த நால்வர் யார் என்று ஒருவராவது கேட்டீர்களா? பெயர் சொல்லப்போவதில்லை, சிறிய ஊர் என்பதால் எங்களுக்குத் தெரியும். ஒருவர் சிறப்புக் கல்வி பெறும் மாணவர். 21 வயது வரை பள்ளியில் தொடர்ந்து பயிற்சி பெறச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது, அவரும் மகிழ்ச்சியாகத்தான் வந்துகொண்டிருக்கிறார், ஆனால் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து நான்கு ஆண்டுகளில் முடித்தவர்களை மட்டும் எண்ணும் கணக்கில் அவர் "முடிக்காதவர்". இருவர் பண்ணை வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அறுவடை முடிந்ததும் குடும்பங்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டன. 2008-இல் வந்த கூட்டரசு விதியின்படி, வேறு பள்ளியில் சேர்ந்ததற்கு எழுத்துப்பூர்வமான சான்று வந்தால்தான் அவர்களைக் கணக்கிலிருந்து நீக்க முடியும். அந்தக் காகிதம் வரவேயில்லை. நான்காமவர் மட்டும்தான் உண்மையாகவே படிப்பை விட்டவர். அவருக்காக வருத்தப்படுங்கள், நானும் வருந்துகிறேன். ஆனால் அந்த ஒருவரை வைத்துப் பள்ளியையே ஒதுக்கித் தள்ளிவிடாதீர்கள்.

இது என் மனக்கணக்கு மட்டுமல்ல. தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற பொருளியலாளர்கள் 2002-இல் வட கரோலினாப் பள்ளிகளின் மதிப்பெண்களை ஆராய்ந்து, சிறிய பள்ளிகளே பட்டியலின் உச்சியிலும் அடியிலும் மாறி மாறி வருகின்றன என்றும், எண்ணிக்கை சிறிதாக இருப்பதே அதற்குப் பெரிய காரணம் என்றும் காட்டினார்கள். சென்ற ஆண்டு 95 வந்தபோது இந்தக் குழுவில் ஒருவரும் எங்களைப் பாராட்டி ஸ்கிரீன்ஷாட் போடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

"அங்கே ஏபி வகுப்புகள், அதாவது கல்லூரித் தரத்துப் பாடங்கள் இல்லை, வேதியியலும் இயற்பியலும் ஓராண்டு விட்டு ஓராண்டுதானே" என்பீர்கள். ஆம், அப்படித்தான். அறிவியல் பாடங்கள் அனைத்துக்கும் ஒரே ஆசிரியை. காலையில் பள்ளிப் பேருந்தையும் அவரேதான் ஓட்டுகிறார். என் மகள் படித்த ஆண்டில் ஆய்வகத்தில் உடையாத பியூரெட், அதாவது திரவத்தைத் துளித்துளியாக அளந்துவிடும் கண்ணாடிக் குழாய், ஒன்றுதான் இருந்தது. பிள்ளைகள் முறைவைத்து அதைப் பிடிக்க, ஒவ்வொருவரும் அதன் திருகை எவ்வளவு அவசரமாகத் திறக்கிறார்கள் என்பதை அவர் பக்கத்தில் நின்று கவனித்து, நிறம் மாறும் அந்த ஒரு துளிக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தார். பேருந்து நிறுத்தத்தில் எந்தப் பிள்ளை இன்று நிற்கவில்லை என்பது அவருக்கு முதல் மணி அடிப்பதற்கு முன்பே தெரியும்; மாலையில் அந்த வீட்டின் கதவைத் தட்டுவார். தரப்புள்ளி போடும் எந்த இணையத்தளத்தில் இதற்கு இடம் இருக்கிறது? கல்லூரிக்குப் போன என் மகள் முதல் ஆண்டு வேதியியலில் தடுமாறவில்லை. நுண்கணிதத்தில் தடுமாறினாள், அதை ஏன் மறைக்க வேண்டும்; பிறகு தேறினாள்.

"அப்படியானால் பள்ளியில் குறையே இல்லையா" என்று கேட்கிறவர்களுக்கு: இருக்கிறது. கணித ஆசிரியர்கள் நிலைப்பதில்லை. சம்பளம் அதிகமுள்ள புறநகர் மாவட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தச் சம்பள வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே பேசுங்கள். இந்த நாட்டில் பள்ளிக்கான பணத்தில் ஒரு பெரிய பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. அந்த முறையால் ஏழை மாவட்டங்கள் பின்தங்குகின்றன என்று டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரப் பெற்றோர் தொடுத்த வழக்கில், 1973-இல் உச்ச நீதிமன்றம், கல்வி அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பிறகு பல மாநிலங்கள் தங்கள் நிதி முறைகளைத் திருத்தின என்றாலும், சோள வயலும் மூடிக்கிடக்கும் ஆலையுமாக இருக்கும் எங்களைப் போன்ற ஊரால், கடைத்தெருக்களும் பெரிய வீடுகளும் உள்ள ஊரோடு எப்படிப் போட்டிபோட முடியும்? மாநில உதவியோ தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. உங்கள் எச்சரிக்கையைப் படித்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வராமல் போனால், அவர்களுக்கான பணமும் வராது. ஆனால் பேருந்தும் கூரையும் கணித ஆசிரியர் இடமும் முன்போலவே செலவு கேட்கும். பள்ளி மோசம் என்று நீங்கள் சொல்லச் சொல்ல அது மோசமாவதற்கான காரணத்தையும் நீங்களே தருகிறீர்கள்.

"எங்கள் பிள்ளைகளுக்கு நல்லதைத் தேடுவது தவறா" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தவறில்லை, தம்பி. எங்கே வேண்டுமானாலும் வீடு வாங்குங்கள். ஆனால் நீங்கள் போகாத பள்ளியை, பார்க்காத ஆசிரியையை, பெயர் தெரியாத நான்கு பிள்ளைகளை ஒரு சிவப்பு வட்டத்துக்குள் அடைத்து ஊருக்கெல்லாம் காட்டியதுதான் எனக்கு வலிக்கிறது. என் மகளும் அந்தக் கட்டடத்தில் படித்தவள்தான்.

அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்களில் எங்கள் மாவட்டத்திலேயே வாக்குரிமை உள்ளவர்களும் இருக்கிறீர்கள். நவம்பர் வாக்குச்சீட்டில் பள்ளிக்கான கூடுதல் வரி இடம்பெறுகிறது. அதற்கு முன் நடக்கும் பள்ளி வாரியக் கூட்டம் பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்தது. பேச விரும்புகிறவர்களுக்கு அங்கே நேரம் ஒதுக்குவார்கள். நான் போகிறேன். 83 விழுக்காடு பற்றிய கேள்வி இருந்தால் அங்கே வந்து, எங்கள் ஆசிரியர்களின் முன்னால் கேளுங்கள்.