பர்மா பஜார்க்காரர்கள் பர்மியர்களா?

"பர்மா பஜார் கடைக்காரர்கள் கள்ளத்தனமாக எல்லை தாண்டி வந்த பர்மியர்கள்" என்று வடசென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு. சென்னை பாரிமுனைப் பக்கம் உள்ள அந்தக் கடைத்தெருவைத் தொடங்கியவர்கள் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள்.

1937 வரை பர்மா (இன்றைய மியான்மர்) பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஐராவதி டெல்டாவின் சதுப்புக்காட்டை ஆங்கிலேயர் ஏற்றுமதி நெல்வயலாக்கினார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவுக்கு அரிசி கப்பலேறுவது சுலபமானது. பர்மிய விவசாயிகளுக்குச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள், நம்மூர்க் கூலிகள் வயலுக்கும் ஆலைக்கும் போனார்கள். 1930களில் விலை சரிய, அடமான நிலங்கள் செட்டியார் கைக்கு வந்தன. பர்மியர் கோபத்துக்கு அதுவும் காரணம், மறைப்பானேன்? 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது; கடைகள் அரசுடைமையாகி, பிழைப்பிழந்தவர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். வியாசர்பாடியில் குடியமர்ந்தவர்களும் உண்டு.

பீச் ஸ்டேஷன் பக்கம் நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் போட்டுக் கையால் பிசைந்து தருகிறார்களே அத்தோ, அது மட்டும் அசல் பர்மாச் சரக்கு.