மண் அளக்கிற படிப்பு

ஞாயிற்றுக்கிழமை நடந்த பாராட்டு விழாவின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே அதை ஒன்பது பேர் அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே யார், எந்த மேடை என்று எழுதப்போவதில்லை. உயர்தரப் பரீட்சையில் கலைப் பிரிவில் மூன்று ஏ எடுத்த பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, "அடுத்தது சட்டம்தானே?" என்று கேட்டார்கள். "இல்லை ஐயா, புவியியலைச் சிறப்புக் கற்கையாகச் செய்ய விருப்பம்" என்றாள். "சட்டம் கிடைக்கிற பிள்ளை மண் அளக்கிற படிப்புக்குப் போறதோ?" என்று மேடையில் இருந்த ஒருவர் ஒலிவாங்கியிலேயே கேட்டார், மண்டபம் சிரித்தது. அவளுடைய தாய் எனக்கு முன் வரிசையில் இருந்தார். கையிலிருந்த நிகழ்ச்சி நிரலை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், பிறகு மடிக்க முடியாமல் போன பின்னும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

பல்கலைக்கழகத்தில் எதைப் படிப்பது என்பதை அதைப் படிக்கப்போகும் பிள்ளையின் விருப்பமே தீர்மானிக்க வேண்டும். மூன்று நாலு வருடம் அந்தப் புத்தகங்களோடு விழித்திருக்கப்போவது அவள். மேடையில் இருந்தவர்கள் அல்லர்.

இதை நான் எங்கோ வாசித்துவிட்டுச் சொல்லவில்லை. உயிரியல் பிரிவில் இரண்டு தரம் பரீட்சை எழுதியவள் நான். அப்பா விடியற்காலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் ரியூட்டரி வாசலில் விடுவார். விலங்கியல் குறிப்புகளை வரி தவறாமல் ஒப்புவிக்கப் பழகியிருந்தேன்; ஆனால் அந்த இரண்டு வருடத்தில் பாடத்தைப் பற்றி ஒரு கேள்விகூட எனக்குள் எழவில்லை. இரண்டு தரமும் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றேன். மூன்றாவதும் கடைசியுமான தரத்துக்குக் கலைப் பிரிவுக்கு மாறினேன். அன்றிலிருந்து அப்பா என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். அயலில் யாராவது கேட்டால், "அவள் கம்பசுக்குப் போறாள்" என்பதோடு நிறுத்துவார். என்ன பாடம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் புவியியல் படிக்கும்போது நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றுக்கு வெளிக்களப் பயணம் போனோம். பாரம் கட்டிய போத்தலைக் கயிற்றில் இறக்கி, வெவ்வேறு ஆழங்களில் நீர் எடுத்து, மின்கடத்துதிறன் மானியில் அளந்து எழுதினோம்; நீரில் உப்புக் கூடினால் அதில் எண்ணும் கூடும். மேல் நீர் நன்னீர். ஆழம் போகப் போக எண்கள் ஏறிக்கொண்டே வந்தன. கடைசிப் போத்தலில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. யாழ் குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் கடல்நீருக்கு மேலே ஒரு வில்லையாக மிதந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு முன் பரீட்சைக்காக எழுதியிருக்கிறேன்; அன்றுதான் நம்பினேன். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கோட்பாட்டளவில் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் நிற்கும். மேலே ஒரு மீற்றரை நீரிறைக்கும் பம்பி வைத்து உறிஞ்சினால் கீழே எத்தனை மீற்றரை இழக்கிறோம் என்று கணக்குப் பாருங்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத, மாரி மழையை மட்டும் நம்பியிருக்கும் ஊர் இது. அன்றிரவு நித்திரை வரவில்லை. ஊரில் தெரிந்த கிணறுகளையெல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. விருப்பமான பாடம் என்பதை இதைவிட எனக்கு விளங்கப்படுத்தத் தெரியாது.

"விருப்பம் சோறு போடுமா?" என்று இதற்குக் கீழே எழுதப்போகிறவர்களைத் தெரியும். நியாயமான கேள்விதான். 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ் மாவட்டச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. அவர்களில் என்னோடு படித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியின் பின் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் வரிசையாக விமானம் ஏறியதையும் நாங்கள் பார்த்தோம்தானே? எந்தப் படிப்பும் உத்தரவாதம் இல்லாத நாட்டில், பிடிக்காததைப் படித்துவிட்டும் வேலையில்லாமல் இருப்பதற்கு விருப்பமானதையாவது படித்திருக்கலாம். "நீ ஆசிரியை ஆகிவிட்டாய், அதனால் சொல்கிறாய்" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அந்த வேலைக்கு எத்தனை வருடம் காத்திருந்தேன் என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

"தமாஷாகச் சொன்னதை ஏன் பெரிதுபடுத்துகிறாய்?" என்று ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை, முந்நூறு பேருக்கு முன்னால், முதன்முதலாகத் தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொன்ன நேரம் அது. அவளால் திருப்பிச் சொல்ல முடியாத இடத்தில் வைத்துச் சொன்னது எப்படித் தமாஷாகும்? மண் அளப்பது சிரிப்புக்குரிய காரியம் என்றால், 1990 இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பத்து இருபது வருடங்கள் கழித்துப் பற்றைக்குள் தங்கள் காணியின் எல்லைக்கல்லைத் தேடிய சனங்களுக்கு முன்னால் போய் அதைச் சொல்லட்டும். என் அம்மாவும் அப்படித் தேடியவர். கிணற்றுக்கட்டு கிடைத்த பிறகுதான் வீடு நின்ற இடம் தெரிந்தது. அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. மகள் என்ன படித்தாள் என்று அந்தக் கிணற்றடியிலாவது அவர் ஒரு தரம் கேட்டிருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம், அவ்வளவுதான்.

மண்டபத்தில் நானும் எழுந்து பேசவில்லை. அது மூன்று நாளாக உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளை, இதை யாராவது உனக்குக் காட்டுவார்கள். விண்ணப்பத்தில் சட்டத்துக்கு மேலே கலையை எழுத நினைத்திருந்தாய் என்று உன் ரீச்சர் சொன்னார். அந்த ஒழுங்கை ஒருவருடைய சிரிப்புக்காக மாற்றாதே. ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும், குடாநாட்டின் பழைய இடவிளக்கப்படம் என்னிடம் இருக்கிறது. மடிப்புகளில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, அன்று குறித்த கிணறுகள் பென்சிலில் அப்படியே இருக்கின்றன. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து எடுத்துக்கொண்டு போ.