பித்தளையை உருட்டுவதற்கு முன்னால்

பெர்த்தில் இருக்கும் மச்சான் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஒரு வாளி நிறைய, சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளை உறைகள். உரிமம் வாங்கி அங்கே துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்திருக்கிறான். உறைகளைக் கழுவி, மறுபடி வெடிமருந்து நிரப்பிச் சுடுவார்களாம். "அத்தான், உருட்டிச் சுத்தம் பண்ற டிரம், அந்த டம்ப்ளர் மெஷின் வாங்கிட்டேன். உள்ள எதைப் போட்டு உருட்டுறது? எது நல்லா மின்னும்?"

சிங்கப்பூரில் நமக்குக் காலித் தோட்டா என்றால் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சிதான் ஞாபகம் வரும். வெயிலில் குனிந்து புல்லுக்குள் பொறுக்கி, கணக்கு சரியாக வரும்வரை காத்துக் கிடந்ததோடு சரி. ஆனால் பித்தளையைத் தண்ணீரில் உருட்டிச் சுத்தம் செய்வது எனக்குச் சோறு போடும் வேலை. துவாஸில் பட்டறையில் வால்வு, பிட்டிங், நாசில் என்று இருபது வருடமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

எது மின்னும் என்ற கேள்வியே தப்பு. பொருளில் எத்தனை ஓட்டை, எவ்வளவு அகலம், உள்ளே போடுவது அதில் புகுந்து திரும்பி வருமா, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மினுக்கம் தானாக வரும்.

இதை நான் கற்றுக்கொண்டது பட்டறையில் இல்லை, அம்மாவின் காமாட்சி விளக்கில். ஒரு தீபாவளிக்கு முன்னால், புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் விரல் நோகிறதே என்று, விளக்கை எடுத்துப்போய் இரும்புச் சாமான்களின் பிசிறு எடுக்கும் பீங்கான் முக்கோணக் கற்களோடு டிரம்மில் போட்டேன். மூன்று மணி நேரம். களிம்பு போய்விட்டது. கூடவே கஜலட்சுமியின் மூக்கும் போய்விட்டது. இரண்டு யானைகளின் தும்பிக்கையும் மழுங்கி, எது யானை எது தாமரை என்று தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கட்டை விரலால் அந்த முகத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் திரியைப் போட்டார். இன்றைக்கும் அந்த விளக்குதான் எங்கள் வீட்டில் எரிகிறது.

அந்தக் கல் வெட்டும் கல். பித்தளைக்கு வேண்டியது வெட்டுவது இல்லை, தட்டித் தேய்ப்பது. அதற்கு எவர்சில்வர் ஊசிதான் சரி. தோட்டா உறைக்கு விற்கும் ஊசி சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிமன், ஆறரை மில்லிமீட்டர் நீளம். உறையின் அடியில் கேப், அதாவது அடித்தவுடன் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, உட்காரும் குழிக்குள் இருக்கும் கரியைக்கூடக் கிளறி எடுத்துவிடும். வால்நட் ஓட்டுத் தூள் போட்டுத் தண்ணீர் இல்லாமல் உருட்டினால் அந்தக் குழி அப்படியே இருக்கும். அதைவிட, கேப்பில் இருந்த ஈயம் தூசியாகக் கிளம்பி மூக்குக்குள் போகும். தண்ணீரில் அந்தத் தூசி பறக்காது. ஆனால் உருட்டிய தண்ணீரில் ஈயம் இருக்கும், பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதே என்று மச்சானிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஊசியிலும் ஒரு ஆபத்து உண்டு. உறையின் வாய் சிறியதாக இருந்தால் ஊசி குறுக்கே மாட்டிக்கொள்ளும். அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் இரண்டு ஊசி சேர்ந்து இறுகிவிடுவதும் உண்டு. கவனிக்காமல் மருந்து நிரப்பிச் சுட்டால் அந்த ஊசி குழல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சிறிய உறைகள்தான் அதிகம் என்றால், ஊசிக்குப் பதில் அதைவிடக் குட்டையான எவர்சில்வர் சில்லுகளை வாங்கு என்பது என் கட்சி. குழி கொஞ்சம் குறைவாகச் சுத்தமானாலும் பரவாயில்லை. வாங்குமுன் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். எவர்சில்வரில் காந்தம் ஒட்டாத ரகம் உண்டு. அதை வாங்கினால் கீழே கொட்டிய ஒவ்வொன்றையும் கையால்தான் பொறுக்க வேண்டும்.

அடுத்தது புளிப்பு. சிட்ரிக் ஆசிட் கால் டீஸ்பூன், பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம், உறைகள் முங்கும் அளவு தண்ணீர். நாலு லிட்டருக்கு இது போதும். "நல்லா வெளுக்கட்டும்" என்று கரண்டி கரண்டியாகப் போட்டால் பித்தளை ரோஸ் நிறத்துக்குப் போய்விடும். தோட்டா உறைப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். புளிப்பு அதிகமானால் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் நிற்கும். அந்த ரோஸ் நிறம் அழுக்கு இல்லை, பித்தளைக்கு வந்த நோய். புளியில் விளக்கை ராத்திரி முழுக்க ஊறவைக்கும் அக்காமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அமோனியா கலந்த பாலிஷ் பக்கமே போகக்கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். பிறகு எடுத்துப் பார்த்தால் உறைகளில் வெடிப்பு. இழுத்து வடிக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிடும் இறுக்கமும், குதிரை மூத்திரத்திலிருந்து எழும்பிய அமோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது. சரியான விளக்கம் கிடைக்க 1921 ஆனது. கண்ணுக்குத் தெரியாமல் வெடித்த உறை, முகத்துக்குப் பக்கத்தில் சுடும்போதுதான் பிளக்கும்.

நேரம் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி. அதற்கு மேல் உருட்டினால் உறைகளின் வாய் ஒன்றோடொன்று மோதி நசுங்கத் தொடங்கும். டிரம்மில் ஊசி குறைவாக இருந்தால் மோதல் அதிகம், அதனால் அள்ளிப் போட வேண்டும்: ஒரு கிலோ பித்தளைக்கு இரண்டு கிலோ ஊசியாவது. முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, அன்றைக்கே முழுக்கக் காயவைக்க வேண்டும்.

நேற்று அவன் முதல் ஈடு முடித்துப் படம் அனுப்பினான். தங்கம் மாதிரி இருந்தது. "ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சு ஓட்டை வழியா பார்த்தியா?" என்று கேட்டேன். அரை மணி நேரம் பதில் இல்லை. பிறகு இன்னொரு படம் வந்தது: உள்ளங்கையில் மூன்று ஊசி.