காப்பீட்டு அட்டைக்கு 300 ரூபாயா? அந்தச் செய்தி பொய்

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இந்த மாதக் கடைசியில் ரத்தாகும். இந்த எண்ணுக்கு 300 ரூபாய் ஜிபே செய்து புதுப்பிக்கவும்." குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. எஸ்டேட் லைன் வீடுகளில் பலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். இது பொய்.

2012 ஜனவரி முதல் நடக்கும் இந்த முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் கட்டணமே கிடையாது. பிரீமியத்தை அரசுதான் கட்டுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வருமான வரம்பு முன்பு 72,000 ஆக இருந்தது; பழைய கணக்கில் "நமக்குக் கிடையாது" என்று விட்டவர்கள் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

கார்டு இன்னும் வாங்காதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ தரும் வருமானச் சான்று எடுத்துக்கொண்டு ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும். ஏஜென்ட் வேண்டாம். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவும் ஆகும் என்பது தெரியும். அதனால்தான் வீட்டிலிருந்தே 300 ரூபாயில் முடியும் என்ற பேச்சு எடுபடுகிறது. முதலில் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், கார்டு தனியார் ஆஸ்பத்திரிக்கு மட்டும் இல்லை. திட்டத்தில் உள்ள அரசு மருத்துவமனைகளிலும் செல்லும்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். வந்த குழுவிலேயே இந்த விளக்கத்தைப் போடுங்கள். பணம் அனுப்பிவிட்டவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.