பெரிய தோட்டா, சின்ன உள்ளங்கை

வலுவான தோட்டா போடுகிற செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும்) பிஸ்டல் வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்கிற நண்பர்கள் எல்லோருமே கூடவே ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். இத்தனை ஜூல், இத்தனை வேகம். தன் உள்ளங்கை அளவு என்ன என்று ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

முழு வலுவுள்ள 10 மி.மீ. ஆட்டோ தோட்டாவை நான் முதன்முதலாகச் சுட்ட நாளில், முதல் குண்டு இலக்கின் நடுவில் விழுந்தது. இரண்டாவது தாளிலேயே இல்லை. பயிற்சியாளர் எதுவும் சொல்லாமல், தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகுகிற பெட்டியான மேகசினில், அடுத்த முறை எனக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து கொடுத்தார். அது வந்தபோது வெடிக்கவில்லை. ஆனால் சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னுக்குத் தள்ளுகிற அந்த உதைக்குப் பயந்து என் மணிக்கட்டு குழலைத் தரையை நோக்கிக் குனிய வைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். மானம் போனாலும் நல்ல பாடம். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை.

இந்தத் தோட்டாவின் வரலாறும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1983-இல் பிரென் டென் என்ற பிஸ்டலோடு வந்தது. ஸ்வீடனின் நோர்மா தயாரித்த ஆரம்பகாலத் தோட்டா, 200 கிரெயின் (சுமார் 13 கிராம்) எடையுள்ள குண்டை நொடிக்குச் சுமார் 365 மீட்டர் வேகத்தில் தள்ளியது. ஏறக்குறைய 870 ஜூல். சாதாரண 9 மி.மீ. 500 ஜூலை ஒட்டி நிற்கும். பிஸ்டலுக்கு மேகசின் கிடைக்காமல் வாங்கியவர்கள் திண்டாடினார்கள், நிறுவனம் 1986-இல் மூடப்பட்டது. மறு வருடம் கோல்ட் நிறுவனத்தின் 10 மி.மீ. பிஸ்டலான டெல்டா எலைட் வந்திராவிட்டால் தோட்டாவும் அதோடு போயிருக்கும்.

அதே 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. இரண்டு அதிகாரிகளை இழந்தது. குற்றவாளியின் உடலில் பாய்ந்த ஒரு 9 மி.மீ. குண்டு இதயத்துக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. பழி குண்டின் மேல் விழுந்தது, 10 மி.மீ. தேர்வானது. ஆனால் உதை தாங்காது என்று அதன் வலுவைக் குறைத்தார்கள்: 180 கிரெயின், நொடிக்கு 290 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், மறுபடி 490 ஜூல் பக்கம்தான் வருகிறது! அவ்வளவு வலுவுக்கு, வெடிமருந்து அடைக்கிற உலோகக் கூடு இவ்வளவு நீளமாக எதற்கு என்று அதைக் குட்டையாக்கியதில் 1990-இல் பிறந்ததுதான் பாயிண்ட் 40 எஸ் அண்ட் டபிள்யூ என்ற தோட்டா (அந்த எண் அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம்). கடைசியில் 2010-களின் நடுவில் எஃப்.பி.ஐ. 9 மி.மீ.க்கே திரும்பியது. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை.

வெறும் உதை மட்டும் பிரச்சினை இல்லை. 10 மி.மீ. தோட்டா 9 மி.மீ.யைவிட இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் நீளம். தோட்டா கைப்பிடிக்குள் இருக்கிற மேகசினில் படுத்திருப்பதால், கைப்பிடி முன்னும் பின்னும் அவ்வளவு தடிமனாகிறது. இரண்டு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். விரல் குட்டையானவருக்குச் சுட இழுக்கிற விசையை (டிரிகரை) எட்டக் கையைத் திருப்பிப் பிடிக்க வேண்டிவரும். உதை அப்போது முன்கையில் இறங்காமல் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். பிடி தளர்ந்தால், ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னே போய் வருகிற மேல்பாகமான ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாமல், சுட்ட காலிக் கூடு வெளியே விழாமல் வாயிலேயே சிக்கி நிற்கும்.

டெசர்ட் ஈகிள் என்ற பெரிய பிஸ்டலைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. பாயிண்ட் 50 தோட்டா, ரைஃபிள் போல வாயு அழுத்தத்தில் இயங்கும் அமைப்பு, எடை இரண்டு கிலோ. அந்த எடையே உதையில் பாதியைத் தின்றுவிடும், சுடச் சந்தோஷமாகவும் இருக்கும். நாள் முழுக்க இடுப்பில் சுமக்க மட்டும் முடியாது. கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகிற டென்மார்க்கின் சிரியஸ் படையினர் பனிக்கரடிக்காக வைத்திருப்பது கிளாக் 20 என்ற 10 மி.மீ. பிஸ்டல். தோட்டா போடாமல் ஒரு கிலோவுக்கும் குறைவு, மேகசினில் 15. பெரிய தோட்டா நிஜமாகவே தேவைப்படுகிற இடம் அது.

கரடி இல்லாத ஊரில் இருப்பவருக்கு நான் 9 மி.மீ.யைத்தான் சொல்வேன், கேட்டவர் முகம் சுளித்தாலும் சரி. இல்லை, பெரியதுதான் வேண்டும் என்றால் முழு அளவுப் பிஸ்டலாக எடுங்கள். குட்டைக் குழலில் நீங்கள் காசு கொடுத்த வேகத்தில் ஒரு பகுதி முனையில் தீப்பிழம்பாகப் போய்விடும். அப்புறம் தோட்டாப் பெட்டியில் எழுதியிருக்கிற வேகத்தைப் படியுங்கள், 10 மி.மீ. என்று விற்பதில் பல, வலுவில் பாயிண்ட் 40-தான். வாங்கும் முன் வாடகைக்கு எடுத்து, முழு வலுத் தோட்டா ஐம்பதை ஒரே மூச்சில் சுடுங்கள். முதல் பத்தையும் கடைசிப் பத்தையும் தனித்தனித் தாளில் சுட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் என்னிடம் கேளுங்கள்.